எத்தனை மணித்தியாலம் கொடுத்து வாங்கினீர்கள்?

புதிய கைத்தொலைபேசி ஒன்று சந்தைக்கு வந்தால் அதன் விலை உங்களில் பலருக்கு மனப்பாடம். 1,200 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அதே விலையை ஒருமுறை மணித்தியாலத்தில் சொல்லிப் பாருங்கள். வார இறுதியில் கடையொன்றில் வேலை செய்து, மணித்தியாலத்துக்கு 12 யூரோ கையில் கிடைத்தால், அந்தத் தொலைபேசியின் விலை 100 மணித்தியாலம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர் ஆறு வருடத்தில் 300 மணித்தியாலம் கொடுக்கிறார். ஒன்றையே ஆறு வருடம் வைத்திருந்து, இடையில் 84 யூரோவுக்குப் பற்றரி மாற்றுகிறவர் 107 மணித்தியாலம் கொடுக்கிறார். வித்தியாசம் 193 மணித்தியாலம். கிட்டத்தட்ட ஐந்து வார முழுநேர வேலை, ஒரேயொரு பொருளில்.

“குறைவாக வாங்குங்கள்” என்று யாராவது சொன்னால் நமக்கு அது உபதேசமாகக் கேட்கிறது. ஆசையை அடக்கு, பூமியைக் காப்பாற்று, சந்தோஷமாக இருக்காதே என்பதுபோல. நான் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். வாங்காமல் விட்ட ஒவ்வொரு பொருளும் நமக்குத் திரும்பக் கிடைத்த நேரம். அந்த நேரத்தை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் நிறைவான வாழ்க்கை இருக்கிறது.

இது புதிய யோசனை இல்லை. 1930 இல் பிரித்தானியப் பொருளியலாளர் ஜோன் மேனாட் கெயின்ஸ், இன்னும் நூறு வருடத்தில் மனிதருக்கு வாரம் 15 மணித்தியால வேலை போதுமாகிவிடும் என்று எழுதினார். உற்பத்தி பற்றி அவர் நினைத்தது நடந்தது. பணக்கார நாடுகளின் வளம் பல மடங்கு பெருகியது. வேலை நேரமும் ஓரளவு குறைந்தது, ஆனால் 15க்குக் கிட்டவும் வரவில்லை. வளம் சமமாகப் பங்கிடப்படாதது ஒரு காரணம். இன்னொரு காரணம், கிடைத்த வளத்தை நாம் நேரமாக எடுக்காமல் பெரிய வீடாக, இரண்டாவது காராக, நிரம்பி வழியும் உடுப்பு அலுமாரியாக எடுத்தது.

இதற்கு மனிதரின் ஆசையை மட்டும் குறை சொல்ல முடியாது. பொறியியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது பெரும்பாலும் அதை வடிவமைக்கும் மேசையிலேயே முடிவாகிறது. 1924 இல் பெரிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணியை அமைத்தார்கள். குமிழின் ஆயுள் 1,000 மணித்தியாலம் என்று தீர்மானித்தார்கள். அதைவிட நீண்ட காலம் எரியும் குமிழைச் செய்த உறுப்பினருக்குத் தண்டம்! இன்று பற்றரியைப் பசை போட்டு ஒட்டிவிட்டு, பழுதானால் புதிது வாங்குங்கள் என்கிறார்கள். 2022 இல் மட்டும் உலகம் 6.2 கோடித் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால்வாசிகூட இல்லை.

ஆகவே சட்டமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் திறன்பேசிகளுக்கு, அந்த மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் ஏழு வருடம் உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். இயங்குதளப் புதுப்பிப்புகள் ஐந்து வருடமாவது வர வேண்டும். நான் மேலே சொன்ன ஆறு வருடக் கணக்கு இனி வெறும் கனவு இல்லை.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும்.

எங்கள் பெற்றோரில் பலர் ஒரு பையோடு ஜேர்மனிக்கு வந்தவர்கள். எங்கள் வீட்டின் முதல் கதிரையும் மேசையும், யாரோ வேண்டாம் என்று தெருவோரம் வைத்தவை. அப்பா இரவில் போய்த் தூக்கி வந்தவை. பகலில் போக வெட்கம். பிறகு உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் உழைத்து அவர்கள் வாங்கிய ஒவ்வொரு புதிய பொருளும், “இனி நாங்கள் மற்றவரின் கழிவில் வாழத் தேவையில்லை” என்ற அறிவிப்பு. பழைய உடுப்புச் சந்தையில் வாங்கியதை நாம் நாகரிகம் என்று காட்டும்போது அம்மாவின் முகம் ஏன் மாறுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நமக்கு அது தெரிவு. அவர்களுக்கு அது ஒருகாலத்தில் வேறு வழியில்லாமை. இதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பது அநியாயம்.

ஆனால் அந்த அறிவிப்பு எங்கே போய் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிறந்தநாளுக்கும் சாமத்தியவீட்டுக்கும் மண்டபம், மூன்று முறை உடுப்பு மாற்றம், ஒருநாள் கட்டிய சேலை, மேடை அலங்காரம், வீடியோக்காரர். சீட்டு எடுத்து, அது போதாமல் கடனும் எடுத்து. போன கொண்டாட்டத்தைவிட ஒரு படி கூட இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஓடுகிறார்கள். அந்த ஒரு நாளுக்காக அப்பா எத்தனை சனிக்கிழமை வேலைக்குப் போனார், எத்தனை பின்னேரம் பிள்ளையோடு இருக்கவில்லை என்று எந்த அல்பத்திலும் இருக்காது. உறவுகள் கூடுவது நல்லது. கூடுவதற்கு இந்தச் செலவு வேண்டுமா என்பதே என் கேள்வி. மண்டபம் இல்லாமல், ஆளுக்கொரு கறி சமைத்து வந்து பூங்காவில் கூடிய ஒன்றுகூடல்களில்தான் நான் என் மாமா, சித்திமாரோடு உண்மையில் பேசியிருக்கிறேன். மண்டபத்தில் பாட்டுச் சத்தத்தில் யார் பேச முடியும்?

“ஐ.ரி. சம்பளம் வாங்கிக்கொண்டு நீங்கள் சொல்லலாம்” என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. வாடகைக்கே சம்பளம் போகிறவரிடம், ஊரில் இருப்பவருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவரிடம் “குறையுங்கள்” என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்களுக்குத் தேவை நல்ல சம்பளமும் மலிவான வீடும். நான் பேசுவது, படித்து முடித்து முதல் நல்ல சம்பளத்தைக் கையில் வாங்கப்போகும் உங்களிடம். அந்த முதல் இரண்டு வருடத்தில் எடுக்கும் கார்க் கடன்தான், பிறகு பிடிக்காத வேலையிலும் உங்களைக் கட்டிவைக்கிறது.

நான் வாரத்தில் நான்கு நாள் வேலை செய்கிறேன். சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நாளை ஓய்வூதியமும் குறையும், அதையும் தெரிந்துதான் எடுத்த முடிவு. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன், சமைக்கிறேன், மாதத்தில் ஒருநாள் பழுதுபார்க்கும் கஃபேயில் உட்கார்கிறேன். 2009 இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கிய முயற்சி இது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. பழுதான சாமானோடு வருகிறவரும் திருத்தத் தெரிந்தவரும் ஒரே மேசையில் இருந்து அதைத் திறந்து பார்ப்பார்கள். கிரைண்டரோடு வரும் நம் அம்மாக்களும் உண்டு!

ஜேர்மனியில் 15 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில், ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவர் வேலை நேரத்தைக் குறைத்துக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. 45 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில், 2019 முதல், ஒன்று முதல் ஐந்து வருடம் வரை குறைத்துவிட்டுப் பழைய நேரத்துக்கே திரும்பவும் கேட்கலாம். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் “சனம் என்ன சொல்லும்” என்று கேட்பதில்லை.

இந்த வார இறுதியில் உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள்: இங்கே வந்த முதல் வருடம் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள்? பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: அப்போது உங்களுக்கு நேரம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவர்கள் சொல்லும் பதிலில் ஒன்றையாவது இப்போது அவர்களோடு சேர்ந்து செய்யலாம். அதற்குப் பெரும்பாலும் எதுவும் வாங்க வேண்டியிருக்காது.