பத்து நிமிடத் தலைமுறை

1996 டிசம்பர் 31, இரவு 11.55க்கு அண்ணன் பிறக்கிறான். பத்து நிமிடம் கழித்து, புத்தாண்டு வெடிச் சத்தத்துக்கு நடுவே தம்பி. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் போட்ட கணக்குப்படி அண்ணன் மில்லினியல், தம்பி ஜென் ஸீ. ஒரே தொட்டில், இரண்டு தலைமுறை! தலைமுறைகளைப் பிரிக்கும் இந்தக் கோட்டையே சக்கரமாக வளைத்தவர்கள் அமெரிக்க எழுத்தாளர்கள் வில்லியம் ஸ்ட்ராஸும் நீல் ஹோவும். சுமார் இருபது ஆண்டுக்கு ஒரு பருவம், நான்கு பருவம் ஒரு சுற்று, சுற்றின் கடைசியில் ஒரு பெரும் நெருக்கடி என்று 1997இல் வந்த நூலில் அடித்துச் சொன்னார்கள். அமெரிக்க விடுதலைப் போர், உள்நாட்டுப் போர், இரண்டாம் உலகப் போர் என அடுக்கினால் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால், உள்நாட்டுப் போர்ச் சுற்றில் அவர்களுக்கே நான்குக்குப் பதில் மூன்று தலைமுறைதான் தேறியது. நெருக்கடியை எதிர்கொள்ள வேண்டிய 'நாயகத் தலைமுறை' வரவே இல்லையாம். கணக்கு இடித்தால் 'விதிவிலக்கு' என்பது ஜோசியர்களின் பழைய வித்தை. ஒரே ஆண்டில் பிறந்தால் மட்டும் போதாது, ஒரே வரலாற்று அனுபவத்தில் பங்குகொள்ள வேண்டும் என்று 1928இலேயே சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் விளக்கிவிட்டார். நம்மூர் '90ஸ் கிட்ஸ்' பெருமையும் அப்படித்தான்: சிக்கிய கேசட் நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிய விரல்களின் உறவு அது. அதே வருடம் பிறந்தும் வீட்டில் டேப் ரிக்கார்டரே இல்லாதவர் எந்தத் தலைமுறை? பியூ மையமே 2023இல், இந்த முத்திரைகளை இனி யோசித்துத்தான் குத்துவோம் என்று இறங்கிவந்துவிட்டது. நாம் மட்டும் ஏன் பிறந்த தேதியைப் பார்த்துக் குணம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அதற்குத்தான் ஏற்கெனவே ராசிபலன் இருக்கிறதே!