ஸ்டார்ட்டர் பெட்டியும் ஸ்க்ரோல் பாரும்

தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சை ஓட்ட, சிவப்பு நிறுத்த. நடுராத்திரி கரண்ட் வந்தாலும் தூக்கக் கண்ணோடு போய் அமுக்கிவிட்டு வரலாம். அந்த இரண்டு பொத்தானையும் சாம்பல் நிறமாக்கி, "இதுதானுங்க இப்ப அழகு" என்று ஒருவன் சொன்னால் விவசாயி சும்மா விடுவாரா? கம்ப்யூட்டரில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். நாம்தான் சும்மா இருக்கிறோம்.

விண்டோஸ் 95 தொடங்கி விண்டோஸ் 7 வரை, கிளாசிக் தோற்றத்தை வைத்துக்கொண்டால் தலைப்புப் பட்டை, மெனு, ஸ்க்ரோல் பார் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளவும் நிறமும் எழுத்தும் மாற்றலாம். நான் தலைப்புப் பட்டையைக் கருநீலமாகவும் ஸ்க்ரோல் பாரை விரல் தடிமனாகவும் வைத்திருந்தேன். ஆடம்பரத்துக்கு அல்ல, கண்ணுக்காக.

2012ல் விண்டோஸ் 8 வந்தது. கிளாசிக் தோற்றம் போயிற்று, அந்த அமைப்புப் பெட்டியும் போயிற்று. ஸ்டார்ட் பொத்தானையே காணோம். உலகமே கூச்சல் போட்ட பிறகு 2013ல் 8.1ல் அது திரும்பி வந்தது. 2021ல் வந்த விண்டோஸ் 11, டாஸ்க்பாரைப் பக்கவாட்டில் வைக்கும் வசதியைப் பறித்தது. ஸ்க்ரோல் பார் நூலாக இளைத்து, மவுஸ் கிட்டே போனால்தான் தலைகாட்டுகிறது.

"பழகிக்கோங்க அப்பாரு, கிளீனா இருக்குது" என்கிறான் பேரன். போன வருடம் ஓய்வூதிய வேலையாக ஒரு படிவம் நிரப்பினேன். ஸ்க்ரோல் பார் கண்ணில் படாததால் பக்கம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அடியில் இன்னும் இரண்டு கட்டங்கள் இருந்திருக்கின்றன. அதற்காக இரண்டு முறை பஸ் ஏறி அலைந்தேன். இருபது வயசுக் கண்ணுக்குக் கிளீன், எழுபது வயசுக் கண்ணுக்குக் காலி இடம். எல்லோருக்கும் ஒரே பவர் கண்ணாடியா கொடுக்கிறோம்?

"எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் குழப்பம் வராது" என்பது இன்னொரு வாதம். சரி, வாங்கும்போது ஒரே மாதிரி இருக்கட்டும். வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ள விடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? வீடு கட்டித் தந்த கொத்தனார், சுவருக்கு வேறு சுண்ணாம்பு அடிக்கக்கூடாது என்று சொல்வதுண்டா?

மிச்சம் இருப்பதையாவது பயன்படுத்துங்கள். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், அக்ஸசபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று போனால் ஸ்க்ரோல் பாரை எப்போதும் காட்டச் சொல்லலாம். அதே அக்ஸசபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ் 225 சதவீதம் வரை ஏறும், மவுஸ் அம்புக்கும் நிறம் கொடுக்கலாம். பர்சனலைசேஷனில் கலர்ஸ் பகுதிக்குப் போனால் தலைப்புப் பட்டைக்கு நிறம் வரும். இதுவும் போதவில்லையா? இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டைப் பேரனைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் பட்டையைத் திரையின் எந்தப் பக்கமும் வைக்கலாம்.

விண்டோஸ் சாவியோடு எஃப் எழுத்தை அமுக்கினால் புகார் எழுதும் இடம் திறக்கும். எழுதுங்கள். ஸ்டார்ட் பொத்தான் பேசாமல் இருந்ததால் திரும்பி வரவில்லை.