நர்ஸ் சாட்சி ஐ.நா. வரை போகும்!

வேப்பம்பட்டில் மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரல் பக்கம் டூட்டிக்குப் போகும் நர்சுக்கு ஐ.நா. ரொம்ப தூரம். ஆனால் மும்பை காமா ஆஸ்பத்திரி நர்ஸ் அஞ்சலி குல்தேயின் குரல் அங்கே ஒலித்ததே! 2008 நவம்பர் 26 இரவு, துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே 20 கர்ப்பிணிகளைக் காப்பாற்றியவர். பயங்கரவாதி கசாப்பை அடையாளம் காட்டி, கோர்ட்டிலும் சாட்சி சொன்னார். 2022 டிசம்பரில், வீடியோ வழியாகப் பாதுகாப்பு கவுன்சிலில் பேசினார்.

இங்கேயும் வேலை இருக்கிறது. போலீஸ் காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட், 1996-ல். டாக்டர் வருமுன்னே காயத்தைப் பார்ப்பது பல இடங்களில் நர்ஸ்தான். "வழுக்கி விழுந்தார்னு எழுதும்மா" என்றால்? கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும். அப்படி எழுதிய பெண்ணைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிக்காமல் மேலதிகாரி காப்பாற்ற வேண்டும்.