கையெழுத்துத் தாளில் நடந்த பயிற்சி

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் அலுவலகத்தின்கீழ் இயங்கும் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தினர், அதாவது அந்நூலகத்தின் உறுப்பினர்களாக இருந்து அதன் வளர்ச்சிக்குத் துணைநிற்கும் வாசகர்கள், வணக்கத்துடன் விடுக்கும் மடல் இது. நூலகர்களுக்கான பணியிடைப் பயிற்சி, அதாவது பணியில் இருப்பவர்களுக்குப் புதிய கருவிகளையும் முறைகளையும் கற்பிக்கும் பயிற்சி, குறித்துத் தங்களிடம் அளிக்கப்பட்ட மனுக்கள் யாவும் ஒரே மறுமொழியோடு முடித்துவைக்கப்பட்டுவிட்டன. அம்மறுமொழி உண்மைக்கு மாறானது என்பதால், கோப்புக்குள்ளேயே தீர்ந்திருக்க வேண்டிய ஒரு குறை இப்போது பொதுமக்கள் முன் வைக்கப்படுகிறது. மாவட்டத்தின் பெயரோ நூலகத்தின் பெயரோ இங்குக் குறிக்கப்படவில்லை. குறித்தால், ஏற்கெனவே துன்புற்றிருக்கும் நூலகர் ஒருவர் மீதே மீண்டும் நடவடிக்கை பாயும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

பயிற்சி குறித்த அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் தாங்கள் நன்கறிந்தவை. அவற்றைத் தங்களுக்கே எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவற்றின்படி நிறைவேறியதாகப் பதிவேட்டில் ஏறியிருக்கும் ஒரு நாளில் உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொன்னாலே போதும். அந்நாளின் பயிற்சிக்கு இரண்டு பொருள்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. ஒன்று கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருள். நியூசிலாந்தின் சிறு நூலகங்களுக்காக 1999ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கி, இன்று உலகெங்கும் கட்டணமின்றிப் பயன்படும் அம்மென்பொருளில் நூற்பட்டியல், உறுப்பினர் விவரம், நூல் வழங்கல், திரும்பப் பெறல் ஆகிய யாவும் ஒரே இடத்தில் அடங்கும். மற்றொன்று என்விடிஏ எனப்படும் திரைவாசிப்பான், அதாவது கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிப் பார்வையற்ற வாசகருக்குச் சொல்லும் மென்பொருள். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவரால் தொடங்கப்பட்ட அதுவும் விலையின்றிக் கிடைப்பது, தமிழையும் வாசிக்கவல்லது.

காலை 10 மணிக்கு வரச் சொல்லப்பட்ட நூலகர்களில் பலர் ஊர்ப்புற நூலகங்களைத் தனியாளாக நடத்துபவர்கள். மாற்று ஆள் அமர்த்தப்படாததால் அவர்கள் நூலகத்தைப் பூட்டிவிட்டே வந்தனர், பேருந்துக் கட்டணமும் அவர்கள் கையிலிருந்தே போயிற்று. முற்பகல், பிற்பகல் ஆகிய இரண்டு அமர்வுகளுக்குமான வருகைத் தாளில் அரங்கின் வாயிலிலேயே கையெழுத்து வாங்கப்பட்டது. சிறப்பு விருந்தினரின் வருகைக்காகக் காத்திருந்து நண்பகலை ஒட்டித் தொடங்கிய நிகழ்ச்சி, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரைகள் என்று நீண்டு, மதிய உணவுக்கு முன் பயிற்றுநருக்கு 40 நிமிடங்களை மட்டுமே மிச்சம் வைத்தது. அத்தனை நூலகர்களுக்கும் இருந்த ஒரே மடிக்கணினி மேடையில் இருந்தது. திரையில் ஓடிய விளக்கப் படங்கள் முழுதும் ஆங்கிலத்தில், பின்வரிசையில் இருந்தவர்களால் படிக்க இயலாத சிற்றெழுத்தில் இருந்தன. ஐயம் கேட்ட நூலகர் ஒருவருக்கு, விளக்கக் காணொளி பின்னர் வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் என்று சொல்லப்பட்டது. அக்காணொளி இதுவரை வந்து சேரவில்லை. உணவுக்குப் பிந்திய நேரம் முழுவதும் நூலகத்துக்கு நன்கொடை அளிக்கும் புரவலர்களைச் சேர்க்கும் இலக்கை எட்டாதவர்களைக் கண்டிப்பதிலும் நிலுவைப் பதிவேடுகளைக் கேட்பதிலும் கழிந்தது. மாலை 4 மணிக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டுக் குழுப்படம் எடுக்கப்பட்டதோடு பயிற்சி நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

என்விடிஏ முறையாக நிறுவப்பட்ட கணினியில் கண்ட்ரோல், ஆல்ட், என் ஆகிய 3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது பேசத் தொடங்கும். அந்த 3 விசைகளை அன்று அரங்கில் இருந்த நூலகர்களில் ஒருவர்கூடத் தம் விரலால் அழுத்திப் பார்க்கவில்லை. அழுத்திப் பார்க்க அவர்கள் முன் கணினி இல்லை. தறியில் கைவைக்காதவருக்கு நெசவு வராது என்பதை அறிய நூலக அறிவியலில் பட்டம் தேவையில்லை.

இதன் விளைவு எங்கோ தொலைவில் நிகழவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவர், தம் ஊருக்கு அருகிலேயே திரைவாசிப்பான் உள்ள கணினி வந்திருப்பதாக நாளிதழில் படிக்கக் கேட்டு, தம் தாயின் தோளைப் பற்றிக்கொண்டு அந்தக் கிளை நூலகத்துக்கு வந்தார். பெட்டியிலிருந்து எடுத்து மேசைமீது வைத்து உறைபோட்டு மூடப்பட்டிருந்த அக்கணினியை நூலகர் இயக்கினார். ஆனால் அதைப் பேசவைக்க அவருக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் சான்றிதழ்ப் படிப்பில் அட்டைப் பட்டியல் எழுதக் கற்று, அன்றிலிருந்து குறைவில்லாமல் பணியாற்றிவரும் அவர், தமக்குத் தெரியாது என்பதை அம்மாணவரிடம் மறைக்கவில்லை. தெரிந்தவர்களைத் தொலைபேசியில் கேட்டார்; தங்கள் அலுவலகத்தையும் கேட்டார். எங்கிருந்தும் உதவி வராத நிலையில், அம்மாணவரும் அவருடைய தாயும் அடுத்த பேருந்தில் திரும்பிச் சென்றனர். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கெனத் தனிப் பிரிவு உண்டு என்பது உண்மையே. அதற்காக மாவட்டத்தின் கடைக்கோடியில் வாழும் ஒரு மாணவர் நாள்தோறும் சென்னைக்குச் சென்று படிக்க இயலாது.

அம்மாணவர் படிப்பதற்கு வேண்டிய ஏனைய யாவும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருந்தன என்பதைத் தாங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக, அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களைக் குரல் வடிவிலும் பிரெய்லி வடிவிலும் மாற்றிக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடமளித்தது. அதே நோக்கத்துக்காக 2013ஆம் ஆண்டில் மராகேஷ் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை 2014ஆம் ஆண்டில் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016ஆம் ஆண்டில் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணையவழி நூலகம் அத்தகைய நூல்களை ஒன்றுதிரட்டித் தரத் தொடங்கியது. மென்பொருள் விலையின்றிக் கிடைத்தது. கணினியையும் அரசே வாங்கிக் கொடுத்தது. சட்டம் வந்தது, நூல் வந்தது, கருவி வந்தது, வாசகரும் வந்தார். நூலகரின் கைகளுக்கு வந்திருக்க வேண்டிய ஒரு மணி நேரப் பழக்கம் மட்டும் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கும் பொறுப்பு தங்களுடையது.

இத்தகைய பயிற்சியின் அருமையைப் பிற நாட்டாரிடமிருந்து கடன் வாங்கிச் சொல்ல வேண்டிய நிலையில் தமிழகம் இல்லை. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீ. இரா. அரங்கநாதன் 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்த்தப்பட்டபோது, அப்பல்கலைக்கழகம் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. லண்டன் வகுப்பறையோடு நின்றுவிடாமல், குராய்டன் நகரப் பொது நூலகத்தில் அதன் தலைமை நூலகர் பெர்விக் சேயர்ஸிடம் பணியை நேரில் கற்று, பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்து, கண்டதை ஆராய்ந்து திரும்பியவர் அவர். 1928ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியபின் அதன் சார்பில் அவர் முன்னின்று மேற்கொண்ட தொடக்கப் பணிகளுள் ஒன்று, 1929ஆம் ஆண்டில் நூலகர்களுக்கான கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்னும் நூல் வெளிவந்த 1931ஆம் ஆண்டிலேயே அப்பள்ளியைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமான சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது 1948ஆம் ஆண்டில்தான். சட்டம் பிறப்பதற்கு 19 ஆண்டுகள் முன்னரே இம்மண்ணில் பயிற்சி பிறந்துவிட்டது. நூலகரை உருவாக்காமல் நூலகத்தை உருவாக்க இயலாது என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று அரங்கநாதனின் படத்துக்கு மாலை அணிவிக்கும் ஓர் அலுவலகம் அதை மறந்துவிட உரிமையற்றது.

கோஹாவைப் பொறுத்தவரையிலும் இழப்பு சிறிதன்று. தமிழ் நூல்களைக் கணினிப் பட்டியலில் ஏற்றுவதில் நூலகர்கள் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் உண்டு. அகல் விளக்கு என்னும் புதினத்தின் ஆசிரியரை ஒரு நூலகர் மு. வரதராசன் என்றும், மற்றொருவர் வரதராசன், மு. என்றும், வேறொருவர் மு.வ. என்றும் பதிவு செய்தால், ஒரே ஆசிரியர் கணினியில் மூவராகிவிடுவார். ஒரு பெயரைத் தட்டித் தேடும் வாசகருக்கு ஏனைய இரு பெயர்களின்கீழ் உள்ள நூல்கள் அலமாரியில் இருந்தும் இல்லாதவையாகும். இதைத் தவிர்க்கவே ஆசிரியர் பெயர் நெறிக்கோப்பு, அதாவது ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஏற்கப்பட்ட ஒரே பெயர்வடிவத்தை வரையறுத்து ஏனைய வடிவங்களை அதனோடு இணைக்கும் பட்டியல், தேவைப்படுகிறது. அதனோடு ஒருங்குறியில் தமிழைத் தட்டெழுதும் பழக்கமும் வேண்டும். தமிழக அரசு 1999ஆம் ஆண்டில் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை அன்று அரங்கில் இருந்தவர்களில் பலர் தொட்டதே இல்லை. இவற்றில் எதைப் பற்றியும் அந்த 40 நிமிடங்களில் ஒரு சொல் பேசப்படவில்லை.

இதுவரை சொல்லப்பட்டவை கவனக்குறைவு என்று கருதத்தக்கவை. இனிச் சொல்லப்படுவது அவ்வாறு கருதத்தக்கதன்று. பார்வையற்ற மாணவர் திரும்பிச் சென்றதைக் குறிப்பிட்டு, நூலகருக்கு முறையான பயிற்சி அளிக்க வேண்டும் என்று வாசகர் வட்டத்தினர் அளித்த மனுவுக்கு, குறிப்பிட்ட நாளில் அப்பயிற்சி ஏற்கெனவே அளிக்கப்பட்டுவிட்டதென்றும், நூலகர் இரண்டு அமர்வுகளிலும் கலந்துகொண்டதற்கு வருகைத் தாளே சான்றென்றும் உங்கள் அலுவலகம் மறுமொழி அனுப்பியது. அதன் பின்னர், பயிற்சி பெற்றிருந்தும் கணினியை வாசகருக்குப் பயன்படாமல் வைத்திருந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அந்நூலகருக்கே குறிப்பாணை அனுப்பப்பட்டது. கற்பிக்காததைக் கற்பித்ததாக எழுதியதோடு நில்லாமல், அந்தப் பொய்யை ஆதாரமாக்கி, கற்பிக்கப்படாதவரைக் குற்றவாளியாக்கியிருக்கிறீர்கள். அவர் அரங்கின் வாயிலில் இட்ட கையெழுத்து அவருக்கு எதிரான சாட்சியமாக மாற்றப்பட்டுவிட்டது. பயிற்சியே நடக்காதிருந்தால், நடக்கவில்லை என்று சொல்லவாவது அவருக்கு வழி இருந்திருக்கும். உங்கள் பயிற்சி அந்த வழியையும் அடைத்துவிட்டது.

நிதி இல்லை என்று இதற்கு விடை சொல்ல வேண்டாம். சொத்துவரியோடு சேர்த்து மக்களிடம் வசூலிக்கப்படும் நூலக வரி, குடிசைக்காரரும் மாளிகைக்காரரும் நூலகத்துக்கென்றே கொடுக்கும் பணம். பொன்னாடைக்கும் பதாகைக்கும் விருந்துக்கும் அன்று குறையாத நிதி, நூலகர் இருவருக்கு ஒரு கணினி என்று வைத்துக் கற்பிக்கக் குறைந்துவிடாது. நூலகங்களைக் கணினிமயமாக்கிய அரசு, கல்லூரி ஒன்றின் கணினிக்கூடத்தை விடுமுறை நாளில் கேட்டுப் பெறும் ஆற்றலும் உடையதே. நூலகர்களுக்கு ஆர்வம் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். குறைந்த ஊதியத்தில் கைப்பணத்தைச் செலவிட்டு வந்து, பேசவும் இடமின்றி மாலைவரை அமர்ந்திருந்தவர்களை அவ்வாறு பழிப்பது அறமன்று. அன்று அவர்களில் பலர் குறிப்பேடும் பேனாவுமாக வந்திருந்தனர். எழுதிக்கொள்ளத்தான் எதுவும் தரப்படவில்லை.

அந்நூலகருக்கு அனுப்பப்பட்ட குறிப்பாணை உடனே திரும்பப் பெறப்பட வேண்டும். அந்நாளைப் பயிற்சி நாளாகக் காட்டும் பதிவு நீக்கப்பட வேண்டும். விருந்தினரும் மேடையும் இல்லாமல், ஒவ்வொரு நூலகரும் தம் கையால் செய்து பார்க்கும் பயிற்சி, நூலகக் கதவுகள் பூட்டப்படாத வகையில் நடத்தப்பட வேண்டும். யார் வந்தார் என்பதைவிட யாருக்குச் செய்யத் தெரிகிறது என்பதே பதிவேட்டில் ஏற வேண்டும். இவற்றைக் கோருவதற்கு மக்கள் மனு எழுத வேண்டிய நிலை வந்ததே இழுக்கு; அம்மனுக்களை ஒரு பொய்யால் முடித்துவைத்தது அதனினும் பேரிழுக்கு. எழுத்து என்பது கண்ணுள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று ஒரு நாடு சட்டம் இயற்றிய பின்னரும், அந்த உரிமை ஒரு மாணவரின் கைக்கு எட்டும் தொலைவில் வந்து நின்றபோது அதைத் தடுத்தது வறுமையோ சட்டமோ அன்று, உங்கள் அலுவலகம். அம்மாணவரின் தேர்வு நாள் உங்கள் கோப்புக்காகக் காத்திருக்காது. அதற்கு முன் அவருடைய நூலகருக்கு நேர்மையாகக் கற்பியுங்கள். கற்பிக்க இயலாதென்றால், அதை உங்கள் கையெழுத்திட்டு மக்களுக்கு எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்