கூதிர்காலமும் வீட்டுக் குறிப்புகளும்

‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. இவ்விரு மாதங்களையும் நம் முன்னோர் கூதிர்காலம் என்று அழைத்தனர். இக்காலம் வந்துவிட்டால் நாட்காட்டித் தாளின் பின்புறத்திலும் வார இதழ்களின் மகளிர் பகுதியிலும் வீட்டுக் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். உப்பு கசியாமலிருக்க என்ன செய்யலாம்? தீப்பெட்டி நமுத்துப் போகாமலிருக்க எங்கே வைக்கலாம்? இவற்றை வெட்டி ஒட்டி வைக்கும் தோழியர் நம்மிடையே பலர். ‘இதெல்லாம் ஒரு படிப்பா?’ என்று சிரிப்போரும் உண்டு. இவ்விரு சாராரிடமும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். வீட்டுக் குறிப்பு அற்பமானதன்று. ஆனால் காரணம் தெரியாமல் கைக்கொள்ளும் குறிப்பு ஆபத்தானது.

எங்கள் ஊர் கொல்லிமலையில் உள்ள பதினான்கு நாடுகளுள் ஒன்றான குண்டூர் நாட்டில் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரவேண்டும். கூதிர்காலத்தில் சில நாட்கள் சூரியனையே காண இயலாது. மேகம் வாசற்படி வரை வந்து நிற்கும். துவைத்த பாவாடை மூன்று நாளானாலும் காயாது. பள்ளிப் பைக்குள் இருக்கும் புத்தகத்தில்கூடப் பூஞ்சணம் பூக்கும். இத்தகைய காலத்தில் வீட்டைக் காப்பது எளிய வேலையன்று. எங்கள் வீட்டில் அந்த வேலைக்குத் தலைவி என் அப்பாயி. அவர் பள்ளிக்கூடம் சென்றதில்லை. ஆயினும் அவருக்குத் தெரிந்த குறிப்புகளை எழுதினால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதாது.

அவற்றுள் சிலவற்றைப் பார்ப்போம். புளியை உப்பிட்டு மண்சாடியிலோ பீங்கான் சாடியிலோதான் வைப்பார். தகர டப்பாவில் வைக்க விடமாட்டார். புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும் என்று நம் வேதியியல் பாடம் கூறுவதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். உப்புச் சாடியில் சிறிது அரிசி போட்டு வைப்பார். காற்றின் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். தோசை மாவைக் குளிர் நாளில் அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில் வைப்பார். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாகிவிடும் என்பதே இதற்குக் காரணம். இவை மூன்றும் சோதனைக்குட்படுத்தினாலும் வெற்றி பெறும் குறிப்புகள்.

ஆனால் எல்லாக் குறிப்பும் அப்படியன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு. சித்தி குழந்தை பெற்று எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். பச்சைக் குழந்தைக்குக் குளிர் தாக்கக்கூடாதென்று அப்பாயி ஒரு சட்டியில் தணல் அள்ளி அறைக்குள் கணப்பு வைத்தார். ஈரக்காற்று நுழையாதபடி கதவையும் சன்னலையும் இறுகச் சாத்தினோம். நள்ளிரவில் எனக்குத் தலை பாரமாகி வாந்தி வந்தது. சித்தியால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. மாட்டைப் பார்க்க எழுந்த அப்பா எங்கள் முனகலைக் கேட்டுக் கதவைத் திறந்தார். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு திண்ணைக்கு ஓடினோம். மழைச்சாரல் முகத்தில் பட்ட பின்புதான் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல் இனிய ஒலியை நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் செவிலியர் ஒருவர் விளக்கினார். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அப்பாயி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. “எங்க மாமியா காலத்திலிருந்து இப்படித்தானே புள்ள கணப்பு வச்சோம், ஒண்ணும் ஆவலையே” என்று கலங்கினார். அவர் பொய் சொல்லவில்லை. அந்நாளைய வீடு புல் வேய்ந்த கூரை வீடு. மண்சுவருக்கும் கூரைக்கும் இடையே காற்றுப் போக்கு இருந்தது, நச்சுக்காற்று வெளியேறியது. இன்று எங்களுடையது தளம் போட்ட வீடு. வீடு மாறிவிட்டது, குறிப்பு மாறவில்லை. காரணம் தெரிந்திருந்தால் குறிப்பையும் மாற்றியிருப்போம் அன்றோ?

இதே பாடத்தை எங்கள் வீட்டு விதைகளும் கற்பித்தன. மலையில் சாமை, தினை, கேழ்வரகு முதலியவை பழம்பெரும் பயிர்கள். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை எனப் பல வகைகள் உண்டு. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவிய பின் இவற்றின் பரப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலை மக்களோடு சேர்ந்து இவ்விதைகளைக் காக்கவும், சிறுதானியம் குத்தும் பெண்களின் சுமையை அரவை இயந்திரங்களால் குறைக்கவும் பாடுபட்டது. எனினும் ஒரு வீட்டில் விதை கெட்டுப்போனால், அதே வகையைக் கடையில் கேட்டு வாங்குவது அரிது. ஆகவே மழைக்காலத்தில் விதையைக் காப்பது ஒரு குடும்பத்தின் சொத்தைக் காப்பதேயாகும்.

அப்பாயி விதைகளை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்பார். விறகடுப்பின் சூடும் புகையும் அவற்றைக் காய்ந்த நிலையில் வைத்திருக்கும், பூச்சியும் அண்டாது. ஆனால் விதையைக் காத்த அதே புகை அப்பாயியைக் காக்கவில்லை. அவர் கண்கள் எப்பொழுதும் சிவந்திருக்கும். விடியற்காலை இருமல் எங்களை எழுப்பும். வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் போன்றவற்றால் பல வீடுகளுக்கு எரிவாயு வந்தது. எங்கள் வீட்டிற்கும் வந்தது. அப்பாயியின் இருமல் குறைந்தது.

ஆனால் முதல் மழைக்காலத்திலேயே பரணிலிருந்த அவரை விதைகளை வண்டு துளைத்துவிட்டது. சாமையில் பூஞ்சண நாற்றம் எழுந்தது. “பாத்தியா, புகை இல்லாம ஆவுமா?” என்றார் அப்பாயி. மீண்டும் விறகடுப்பு மூட்டவும் தயாரானார். ‘விதைக்கு வேண்டியது புகைதானா, அல்லது காய்ச்சலா?’ என்று அப்பொழுதுதான் எனக்குத் தோன்றியது. மறு ஆண்டு மழை விட்டு வெயில் கண்ட நாட்களில் விதைகளை நன்கு உலர்த்தினோம். பல்லால் கடித்துப் பார்த்தோம். மெத்தென்று நசுங்கினால் ஈரம் இருக்கிறது. ‘கடக்’கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. அவரையில் சலித்த சாம்பலைக் கலந்தோம். சாம்பல் இடைவெளிகளை அடைத்து, வண்டின் உடல் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். பின்பு இறுக மூடும் டப்பாக்களில் அடைத்தோம். அவ்வாண்டு விதை கெடவில்லை. அப்பாயியின் நெஞ்சும் கெடவில்லை.

தோழியரே, இதுவே என் கருத்து. பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டாம். பாட்டி சொன்னது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொள்ளவும் வேண்டாம். குறிப்பு ஓடு போன்றது. காரணமே அதனுள் இருக்கும் பருப்பு. ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பயன்?

இக்கூதிர்காலத்திற்குப் பயன்படும் சில குறிப்புகளைக் காரணத்தோடு கீழே தருகிறேன்:

1. கலங்கிய ஓடைநீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைப்பது நல்ல வழக்கம். மண் அடியில் படியும். ஆனால் தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. நோய்க்கிருமி சாக, நீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கவேண்டும்.

2. கொட்டாங்கச்சி, பழைய டயர், திறந்த தொட்டி ஆகியவற்றில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு அழுக்கு நீரை நாடுவதைவிட இத்தகைய நீரிலேயே மிகுதியாக வளரும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆதலால் வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவினால் போதும்.

3. துவைத்த துணியைப் பிழிந்தபின் உலர்ந்த துண்டில் சுருட்டி மீண்டும் முறுக்குங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும்.

4. உறைந்த தேங்காயெண்ணெயை அடுப்பில் வைக்காதீர்கள். புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் உருகிவிடும்.

5. அறைக்குள் கணப்பு வேண்டாம். குழந்தைக்குத் தாயின் உடற்சூடும் உலர்ந்த துணியுமே சிறந்த கணப்பு.

இன்னும் ஒன்று. இக்குறிப்புகள் யாவும் ‘மகளிர் பகுதி’யில் மட்டும் வெளிவருவது ஏன்? சோறும் விதையும் தண்ணீரும் வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவல்லவா? நீரைக் கொதிக்கவைக்கவும் தொட்டியைக் கழுவவும் நம் அண்ணன் தம்பியர் கற்றுக்கொள்ளட்டும். மழைநாளில் முதுகு வலிப்பது அம்மாவுக்கு மட்டுமாக இருக்கவேண்டியதில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். பாட்டியின் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஒரு பக்கத்தில் அவர் சொல்வதை எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தைக் காரணத்திற்காகக் காலியாக விடுங்கள். பாட்டிக்குத் தெரிந்தால் அவர் சொல்வார். தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். அல்லது நீங்களே செய்து பாருங்கள்.

என் நோட்டில் இப்பொழுது பதினெட்டுக் குறிப்புகள் உள்ளன. கணப்பைப் பற்றிய குறிப்பின் எதிரே அப்பாயி என்னை ஒரு கோடு கிழிக்கச் சொன்னார். அதன் பக்கத்தில், “சன்னலைத் தொறந்து வை” என்று எழுதச் சொன்னதும் அவரேதான்.