செயற்கைக் காலும் சுதேசி புத்தியும்

கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் வழங்குவதைத் தர்ம கைங்கரியமாகக் கருதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. கொடுத்தவர் படம் பிடித்துக்கொள்கிறார்; பெற்றவர் கும்பிடுகிறார். அக்கால் அவருடைய ஜீவனத்துக்கு உதவுமா என்ற விசாரணை மட்டும் நடைபெறுவதில்லை. அவ்விசாரணையை 1960-களிலேயே நடத்திய பெருமை ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரிக்கு உரியது.

அக்காலத்தில் அங்கு வழங்கப்பட்டவை மேனாட்டு மாதிரிக் கால்கள். பூட்ஸ் அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, சமதரையில் நடப்பவருக்கு அவை பொருந்தும். நமது குடியானவரோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவர், சம்மணமிட்டு உண்பவர், குந்தி உட்காருபவர். கணுக்கால் வளையாத காலை அவர் என்ன செய்வார்? மூலையில் சாத்திவிட்டுக் கோலூன்றி நடந்தார். அவரை நன்றி கெட்டவர் என்று ஏசும் பெரிய மனிதர்கள் எவ்வூரிலும் உண்டு; அவர்கள் அக்காலை மாட்டிக்கொண்டு ஒரு நாள் நாற்று நட்டுப் பார்க்கட்டும்!

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பித்து வந்தவர் ராம் சந்திர சர்மா. ஏட்டுப் படிப்பு சொற்பம். டயர் கடையில் ரப்பரை அச்சிலிட்டுச் சூடேற்றி இறுக்குவதைக் கண்ட அவருக்கு வழி புலப்பட்டது. டாக்டர் பி. கே. சேத்தியும் அவரும் சேர்ந்து, பஞ்சு போன்ற ரப்பரையும் மரத்துண்டையும் டயர் நூலிழையால் பொதிந்து, நாலாபுறமும் வளைந்து கொடுக்கும் பாதம் ஒன்றை ஆக்கினர். அதற்குப் பூட்ஸ் வேண்டியதில்லை. நீரிலும் சேற்றிலும் நடக்கும். 1975-இல் தோன்றிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி அதனை இலவசமாக வழங்கி, ஆப்கானிஸ்தானம் வரை கொண்டு சென்றது. விபத்தில் காலிழந்த நர்த்தகி சுதா சந்திரன் மீண்டும் மேடையேறியதும் அதன் துணையால்தான். டாக்டருக்கு 1981-இல் மாக்ஸேஸே விருது கிடைத்தது. கைவினைஞருக்கு அவ்வளவு புகழ் கிட்டவில்லை. டாக்டரை நாம் குறை கூறவில்லை. கையால் உழைப்போரைப் பின்வரிசையில் இருத்துவது நமது சமூகத்தின் பழைய வியாதி.

கைவினைஞர் காட்டிய வழியில் படித்த இஞ்சினீயர்களும் செல்லத் தொடங்கியிருப்பது கண்டு மகிழ்கிறோம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2019-இல் வெளிவந்த ‘அரைஸ்’ சக்கர நாற்காலியில் அமர்ந்தவர், பிறர் தூக்கிவிடாமல் தாமே நிமிர்ந்து நிற்கலாம். முழங்காலுக்கு மேல் காலிழந்தோருக்கான ‘கதம்’ என்னும் செயற்கை மூட்டு 2022-இல் வந்தது. சக்கர நாற்காலியுடன் இணைத்துச் சாலையில் ஓட்டிச் செல்லும் மோட்டார் வண்டியும் அங்கே பிறந்ததே.

இனி சர்க்காரின் கடமை. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் உடற்குறையுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுடைய உரிமைகளை 2016-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. உரிமையென்று சட்டம் சொன்ன பிறகு, அதைப் பிச்சையாக வழங்க எந்த அதிகாரிக்கும் அதிகாரமில்லை. விலை ஒன்றையே நோக்கி, எல்லோருக்கும் ஒரே அளவில் நாற்காலி வாங்கும் முறை ஒழிய வேண்டும். கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு கமிட்டியிலும் அவற்றை உபயோகிப்பவர்கள் ஓட்டுரிமையுடன் அமர வேண்டும். ஜில்லாவுக்கு ஒரு பழுதுபார்க்கும் பட்டறையாவது வேண்டும். ஒரு திருகாணி கழன்றதற்காக ஒரு மனிதர் மாதக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடப்பதை நாம் பொறுக்க முடியாது.