மூன்றாம் பாகத்திலிருந்து

ஹாரி பாட்டர் என்னும் மாயாஜாலக் கதை ஏழு பாகங்கள் கொண்டது என்பதும், 1997 முதல் 2007 வரை பத்து வருஷ காலத்தில் அவை வெளிவந்தன என்பதும் உலகப் பிரசித்தமான விஷயங்கள். ஆனால் அம்பத்தூரில் நான் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் புஸ்தக அலமாரியில் மூன்றாம் பாகமும் ஆறாம் பாகமுந்தான் இருக்கின்றன. யாரோ ஒரு புண்ணியவான் வீடு மாற்றிக்கொண்டு போகிறபோது தானமாகக் கொடுத்தவை அவை. பாக்கி ஐந்தும் எந்த வீட்டுப் பரணில் தூங்குகின்றனவோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.

சென்ற வருஷம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த மூன்றாம் பாகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஸார், இதை எடுத்துக்கொண்டு போகட்டுமா?"

"முதல் இரண்டு பாகமும் படித்தாயிற்றா, அம்மா?"

"இல்லை ஸார். இங்கே இல்லையே."

"அப்படியானால் இதை வைத்துவிடு. நடுவிலிருந்து படித்தால் ஒன்றும் புரியாது. முதல் பாகத்தை எங்கேயாவது தேடிப் படித்துவிட்டு அப்புறம் வா."

அவள் மறுபேச்சுப் பேசாமல் புஸ்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். ஒரு குழந்தைக்கு நல்ல புத்தி சொன்னோம் என்ற திருப்தியுடன் நானும் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். நாலு மாதம் கழித்து, புஸ்தகக் கணக்குச் சரிபார்ப்பதற்காகப் பதிவேட்டைப் புரட்டினேன். வாரம் தவறாமல் ஒரு புஸ்தகம் எடுத்து வந்த அந்தப் பெண்ணின் பெயர், நான் புத்தி சொன்ன தேதிக்குப் பிறகு ஒரு தடவைகூட அதில் காணப்படவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பெண் மாத்திரம் அல்ல. என்னுடைய பால்யமும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

பூவிருந்தவல்லியில் என் பாட்டியின் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. 'கல்கி' பத்திரிகையில் வெளியான தொடர்கதைகளை வாரா வாரம் கத்தரித்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைக்கும் வழக்கம் அந்தக் காலத்துக் குடும்பங்களில் இருந்தது அல்லவா? பாட்டியும் அப்படித் தைத்து வைத்திருந்தாள். எனக்குப் பத்து வயதாகும்போது அந்தப் பெட்டியில் எஞ்சியிருந்தது 'சிவகாமியின் சபத'த்தின் மூன்றாம் பாகம் ஒன்றுதான். முதல் இரண்டு பாகங்களை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். இரவல் போன புஸ்தகம் திரும்பி வந்ததாகச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை.

அந்த மூன்றாம் பாகத்துக்குப் பெயர் 'பிக்ஷுவின் காதல்'. தலைப்பைப் பார்த்த பத்து வயதுப் பையன் என்ன நினைப்பான்? இந்தப் பிக்ஷுதான் கதாநாயகர் என்று நான் நிச்சயம் செய்துகொண்டேன். நாகநந்தி அடிகள் எப்படிப்பட்ட சூழ்ச்சிக்காரர் என்று முதல் இரண்டு பாகங்கள் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது. சிவகாமியின் நடனக் கலையிலே மனத்தைப் பறிகொடுத்துத் தவிக்கும் ஒரு துறவியாகவே அவர் எனக்கு அறிமுகமானார். மாமல்லர் பேரில் எனக்குச் சற்றுக் கோபங்கூட வந்தது! பிற்பாடு முதலிலிருந்து முழுவதையும் படித்து உண்மையைத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்தப் பிக்ஷுவிடம் முதலில் உண்டான பரிதாபம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. வரிசைப்படி படித்த என் நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அவர் வில்லன், அவ்வளவுதான். அவர்களைவிட நான் ஒரு மனிதரை அதிகமாகத் தெரிந்துகொண்டிருக்கிறேன் என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

சொல்லப்போனால், இந்த நாவலை யாருமே சரியான வரிசையில் படிக்கவில்லை என்றுகூட வாதாடலாம். கதையின் காலத்தைப் பார்த்தால் 'சிவகாமியின் சபதம்' முந்தியது. 'பார்த்திபன் கனவு' பிந்தியது. ஆனால் கல்கி அவர்கள் எழுதியதோ தலைகீழாக. 'பார்த்திபன் கனவு' 1941-ல் ஆரம்பமாயிற்று. 'சிவகாமியின் சபதம்' 1944-ல்தான் தொடங்கி 1946-ல் முடிந்தது. ஆகையால், 1944-ல் பத்திரிகையைப் பிரித்த பழைய வாசகர்களுக்கு மாமல்லர் பிற்காலத்தில் மகா சக்கரவர்த்தியாய் விளங்குவார் என்பதும், குந்தவி என்று அவருக்கு ஒரு மகள் இருப்பாள் என்பதும் ஏற்கெனவே தெரிந்த சங்கதிகள். போரில் அவருடைய உயிருக்கு ஆபத்து நேருமோ என்று அவர்கள் ஒரு நாளும் பயந்திருக்க முடியாது. அப்படியிருந்தும் இரண்டரை வருஷ காலம் வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். என்ன நடந்தது என்பதற்காக அல்ல, எப்படி நடந்தது என்பதற்காக.

(இரண்டு நாவல்களையும் இன்னும் படிக்காதவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிச் சென்றுவிடுவது நலம்.)

'பார்த்திபன் கன'வில் ஒரு கபால பைரவர் வருகிறார். அவருக்கு ஒரு கைதான் உண்டு. அந்த இன்னொரு கையைப் பரஞ்சோதியின் வாள் துண்டித்த காட்சியை வாசகர்கள் கண்ணால் கண்டது பல வருஷங்கள் கழித்து, 'சிவகாமியின் சபத'த்தின் முடிவில், வாதாபியில். காயத்தை முதலில் காட்டிவிட்டு, வெட்டைப் பிறகு காட்டுகிறார் ஆசிரியர். வரிசையைத் திருத்தி வாதாபியை முதலில் படிக்கிறவனுக்குக் கபால பைரவரைக் கண்டதுமே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அப்புறம் பயம் ஏது?

இதே வழக்கு சீமையிலும் நடந்திருக்கிறது. ஸி. எஸ். லூயிஸ் என்பவர் நார்னியா என்னும் மாய தேசத்தைப் பற்றி ஏழு புஸ்தகங்கள் எழுதினார். 1950-ல் வெளிவந்த முதல் புஸ்தகத்தில், ஒரு சிறுமி துணி அலமாரிக்குள் நுழைந்து, பனி பெய்யும் காட்டில் போய் நிற்கிறாள். அங்கே நட்ட நடுவில் ஒரு தெரு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது! காட்டிலே தெரு விளக்கு எப்படி வந்தது? அதற்கு விடை 1955-ல் வெளியான ஆறாவது புஸ்தகத்தில் இருக்கிறது. கதைக் காலப்படி அதுதான் முதலாவது. எதை முதலில் படிப்பது என்று ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கும் அவன் தாயாருக்கும் தகராறு உண்டாகி, பையன் ஆசிரியருக்கே கடிதம் எழுதிவிட்டான். லூயிஸ் 1957-ல் பதில் போட்டார். பையனுடைய கதைக்கால வரிசையே தமக்குப் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, யார் எந்த வரிசையில் படித்தாலும் அவ்வளவாகக் குற்றமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்துப் பதிப்பாளர்கள் இந்தப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, 1994-ல் புஸ்தகங்களுக்குப் புது எண் போட்டார்கள். என்னைக் கேட்டால் தாயாரின் கட்சிதான். விளக்கு நட்ட கதையை முதலில் கேட்டுவிட்டால், காட்டில் நிற்பது வெறும் விளக்குக் கம்பம்.

நம் நாட்டு மாயக் கதைகளில் இந்த வம்பே கிடையாது. விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தில் முப்பத்திரண்டு பதுமைகள். எந்தப் பதுமை வாயைத் திறந்தாலும் கதைதான். வேதாளமோ கேட்க வேண்டியதே இல்லை. 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில், மூலத்தில் உள்ள இருபத்தைந்து கதைகள் தீர்ந்துபோன பிறகும் அது பல்லாண்டு காலம் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் பூவிருந்தவல்லியில் பழைய பேப்பர் கடையிலே எடைக்கு வாங்கித்தான் நான் படித்தேன். அதில் வரும் தொடர்கதைகளில் ராஜகுமாரன் மந்திரவாதியின் குகைக்குள் காலை வைப்பான். அடுத்த மாதத்து இதழ் கட்டில் இராது. நாலு மாதம் தள்ளிக் கிடைக்கும் இதழில் அவன் கழுகின் முதுகில் சவாரி செய்துகொண்டிருப்பான். இடையில் நடந்ததை நானே கற்பித்துக்கொள்வேன். அந்தக் கற்பனைகள் அச்சில் வந்ததைவிட மோசமாக இருந்தன என்று சொல்வதற்கில்லை.

இதனால், எந்தப் புஸ்தகத்தையும் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 'பொன்னியின் செல்வ'னை 'கொலை வா'ளிலிருந்து ஒருவர் ஆரம்பித்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீர நாராயண ஏரிக் கரையில் குதிரை மேல் வரும் வந்தியத்தேவனுக்கு ஒன்றும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த அறியாமை ஒரு பாக்கியம். இருந்தாலும், 'கொலை வாள்' மட்டுமே கைக்குக் கிடைக்கிற குழந்தையிடம், "வைத்துவிடு" என்று சொல்வது வேறு விஷயம். முதல் பாகம் முதல் கடைசிப் பாகம் வரை விலை கொடுத்து வாங்கி அடுக்கக்கூடியவர்களுக்கு வரிசை சுலபம். எங்கள் வட்டாரத்தில் தகப்பனார் தொழிற்பேட்டையில் இரவு வேலைக்குப் போகிற வீடுகளில், வந்த பாகமே முதல் பாகம். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தவர்கள் இப்படிப்பட்ட வீடுகளை உத்தேசித்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள். அப்படியிருக்க, அலமாரிச் சாவி என் கையில் இருந்த ஒரே காரணத்தால் நான் பாட்டியின் தகரப் பெட்டியை மறந்து போனேன்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மூன்றாம் பாகத்தைக் கொடுத்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "முதல் பாகம் இன்னும் கிடைக்கவில்லை, ஸார்" என்றாள். "பரவாயில்லை, எடுத்துக்கொண்டு போ" என்றேன். பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்து, அப்படியே ஆறாம் பாகத்தையும் கேட்டாள். பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டே, "கதை எப்படி? சிறையிலிருந்து தப்பி ஓடுகிறானே, அவன் நல்லவனா, கெட்டவனா?" என்று விசாரித்தேன். பின் அட்டையில் படித்த விஷயம் அது. புஸ்தகத்தை நான் படித்ததில்லை.

"நீங்கள் படிக்கவில்லையா, ஸார்?"

"இல்லை, அம்மா."

"அப்படியானால் சொல்ல மாட்டேன். முதல் பாகத்திலிருந்து படியுங்கள், ஸார்" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள்.

முதல் பாகம் எங்கள் அலமாரியில் இன்னும் வந்து சேரவில்லை. மூன்றாம் பாகம் என் மேஜை மேல் இருக்கிறது.